மூன்று தையலும் ஒரு பொய்யும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. கீழ் ஈறில் சின்ன அறுவை சிகிச்சை, மூன்று தையல். இரண்டு நாள் பேசவே கூடாது என்றார் பல் டாக்டர். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் வேறு என்ன செய்வாள்? நோட்டை எடுத்தேன்.

முதல் வரி: 'வலி என்பது ஒரு' — வேண்டாம். வலி அப்படியொன்றும் இல்லை, கன்னம்தான் உப்பியிருந்தது.

'அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்து' — கண்ணாடி பார்க்காத கதாநாயகி ஒருத்தியாவது இருக்கட்டும். அடித்தாயிற்று.

2

கதைக்கு இன்னொரு ஆள் வேண்டுமே. வீட்டில் இருப்பது என் கணவர் மட்டும். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். [என் கதைகளில் வரும் ஊமைப் புருஷன்கள் எல்லோரும் இவர்தான். இவருக்குத் தெரியாது, என் எழுத்தைப் படிப்பதில்லை.]

முதல் நாளே அதிசயம். உருளைக்கிழங்கை மசித்து, ஆறவைத்துக் கொண்டுவந்தவர்* எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். குறுக்கே பேச ஆளில்லையே! போன மாதம் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்தபோது, கீழே யாரோ பொத்தானை அழுத்த, கூண்டு கிடுகிடுவென்று மேலே ஏறிவிட்டதாம். அவர் தலைக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரு சாண்தான் மிச்சமாம். அன்றிலிருந்து கூண்டின்மேல் ஏறினாலும் இரண்டே நிமிஷத்தில் இறங்கிவிடுகிறாராம். ஆபீசில் புகார் வாங்கும் வேலை இருக்கிறது என்றார்களாம், நாள் முழுக்கப் போனில் பேச வேண்டுமாம். இவர்! போனில்!

* உப்பில்லை. சொல்லத்தான் வழியில்லை.

3

மூன்றாம் நாள் டாக்டர் செய்தி அனுப்பினார்: இனி பேசலாம். நான் பேசவில்லை. 'இன்னும் நாலு நாள்' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

முறைக்காதீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து மனுஷன் வாயைத் திறந்திருக்கிறார். நான் திறந்தால் அவர் மூடிவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

4

இன்று காலை நோட்டைத் திறந்தால், இரண்டாம் பகுதியின் ஓரத்தில் பென்சில் எழுத்து. அவருடையது.

'கீழ இருந்தவங்க மேல தப்பில்ல. மேல நிக்கும்போது சுவிட்சைப் போட்டு கூண்ட நிறுத்தி வைக்கணும். மறந்தது நான். திருத்தி எழுது.'

இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: இரண்டைப் படித்தவர் மூன்றைப் படிக்காமலா இருப்பார்? என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. தெரிந்துகொண்டே, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, இதோ கிண்ணத்தோடு வருகிறார். நான் கள்ளி என்றால் இவர் மகா கள்ளன்.

5

முடிவு ஒன்று: 'அவர் மீண்டும் கூண்டின்மேல் துணிச்சலோடு' — யார் தலை அது, இவ்வளவு சுலபமாக எழுத?

முடிவு இரண்டு: 'போன் மணி அடித்ததும் அவர் இனிமையாக' — நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல பதில் சொல்லணும். மேல ஏறவா, போன்ல உக்காரவா? நீ என்ன சொல்ற?" கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டார்.

பேனாவை எடுத்தேன். அவர் அதை என் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

"எழுதாத. சொல்லு."

ஐந்து நாள் சும்மா கிடந்த தொண்டை. குரல் கரகரவென்றுதான் வந்தது.

"பயமா இருக்குதாங்க?"

"ரொம்ப" என்றார்.

அதோடு வாயை மூடிக்கொள்வார் என்று பார்த்தேன். மூடவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார். ஏறுவாரா, உட்காருவாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.