பதிலி நோட்டு

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தே தீருவது என்று துணைத் தலைமையாசிரியர் முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளியில் அவருக்கு 'சிரிப்பு சார்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அவரே இரண்டு பேர் காதில் போட்டுப் பரப்பியது.

மூன்று நாள் வெளியே போய்க் கற்றுவந்த பயிற்சியை அன்று சக ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டும். தலைப்பு, 'ஆசிரியர் நலனும் சமநீதியும்'. விடுமுறை நாளைப் பிடுங்கிக்கொண்டு நலனைப் பற்றிப் பேசுகிறோமே என்று அவருக்கே உறுத்தியது. அதைச் சரிக்கட்டத்தான் சிரிப்பு. முதலில் எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். கணக்கு மிஸ் குறட்டையே விட்டுவிட்டார். பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்து, "உங்களை வாட்டுறது எதுவோ அதை எழுதுங்க. பேர் வேண்டாம்," என்றார்.

அட்டைகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல். ஏழாவது அட்டையில் இப்படி இருந்தது: "வகுப்பை விட்டு நகர முடிவதில்லை. கழிப்பறைக்குப் போகவும் நேரமில்லை. அதனால் பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன்."

"அடடே, நம்மகிட்ட ஒரு ஒட்டகம் வேலை பாக்குது! இத்தனை நாளா தெரியாமப் போச்சே!"

கூடமே வெடித்துச் சிரித்தது. எட்டாம் வகுப்பு 'ஈ' பிரிவின் ஒப்பந்த ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மற்றப் பிரிவுகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட பிள்ளைகளைக் கொட்டி வைத்த பிரிவு அது. அங்கே எல்லாப் பாடமும் அவர் ஒருவரே. அவர் குனிந்து பேனாவை மூடினார். மூடி பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். சிரிப்பு சார் அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

திங்கட்கிழமை அந்த மிஸ் வரவில்லை. காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள்.

வராத ஆசிரியரின் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று எழுதும் நோட்டுக்குப் பதிலி நோட்டு என்று பெயர். சிரிப்பு சார் அதைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடிக் கிளம்பினார்.

"எனக்கு முதுகு வலி சார்," என்றார் கணக்கு மிஸ்.

"எட்டு ஈ-யா? ஏன் சார், என் மேல எதுவும் கோவமா?" என்றார் அறிவியல் சார்.

வழக்கமாக இந்த இடத்தில் சாரின் பேனா தானாக ஒரே பெயருக்குத்தான் போகும். ஒப்பந்தத்தில் இருப்பவர், முடியாது என்று சொல்ல மாட்டார். இன்றைக்கு வராதவரே அவர்தான். வேறு வழியில்லாமல் சாரே போனார்.

காலையில் இரண்டு டம்ளர் தேநீர் ஏற்றிக்கொண்டு வருபவர் அவர். மூன்றாம் பீரியடில் அடிவயிறு முட்டியது. கழிப்பறை அடுத்த கட்டடத்தின் கோடியில். இடைவேளை மணி அடித்ததும் வாசல் வரை போனார். பின்னால் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடி வந்து விலக்கினார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பிரிவில் சண்டை வருவதால் இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் வகுப்பாசிரியர் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. போன பருவத்தில் அந்த மிஸ் ஐந்து நிமிடம் வெளியே போனதற்கு மெமோ கொடுத்தவரும் அவரே.

ஐந்தாம் பீரியடில், கால்களைப் பின்னிக்கொண்டு மேசையைப் பிடித்தபடி அவர் நின்ற கோலத்தைப் பார்த்து முன்வரிசைப் பெண் சொன்னாள், "மிஸ்ஸும் இப்படித்தான் சார் நிப்பாங்க."

சிரிப்பு சார் பின்னிய கால்களைப் பிரித்து நேராக நின்றார்.

மாலையில் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். விளையாட்டு, ஓவியம் என்று பிள்ளைகள் வெளியே போகும் நேரம்தான் அந்த மிஸ்ஸுக்கு ஓய்வு. அந்த ஓய்வை எல்லாம் மற்றவர்களின் வகுப்புகள் விழுங்கியிருந்தன. பருவம் முழுக்க ஐம்பத்தெட்டுப் பதிலி வகுப்புகள். நாற்பத்தொன்றில் அந்த மிஸ்ஸின் பெயர். எழுதியது முழுக்க, சனிக்கிழமை கூடத்துப் பலகையில் 'சமநீதி' என்று கொட்டை எழுத்தில் எழுதிய அதே கை.

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். தங்கை வார்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஒட்டகம்னு சொன்ன சார் நீங்கதானா? சிறுநீர்த் தொற்று கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம். உள்ள போங்க. அக்கா உங்களைத் திட்ட மாட்டா. அதான் அவ வியாதியே."

"எப்படி இருக்கீங்க மிஸ்?" தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று எல்லாரையும் கேட்கும் கேள்விதான்.

"நல்லா இருக்கேன் சார்." தினமும் வரும் பதில்தான். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. கையில் ஊசி குத்தி, குழாய் வழியே குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

சார் நோட்டைப் பிரித்துக் கட்டிலோரம் வைத்தார். "நாப்பத்தோரு வகுப்பு. எண்ணிட்டேன். எல்லாம் நான் எழுதினது. இன்னைக்கு அங்க நானே நின்னேன். மிஸ்... இப்ப உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

அவர் ஊசி குத்தாத கையால் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார்.

"நல்லா இல்ல சார்."

"உடம்பு தேறினதும் வந்துருவீங்கள்ல? எல்லாத்தையும் மாத்திடறேன்."

"வர மாட்டேன் சார். எட்டு ஈ பிள்ளைங்களை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு. ஆனா வர மாட்டேன்." குரல் உயரவில்லை. "அந்த அட்டையில உண்மையைத்தான் எழுதினேன். நீங்க வாசிச்சீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தி தலையில மட்டும் சுமையை ஏத்திட்டு, எல்லாரும் மூச்சை இழுத்து விடுங்கன்னா அது அக்கறை இல்ல சார். என் இடத்துக்கு இன்னொருத்தி வருவா. முதல்ல அந்த நோட்டைச் சரி பண்ணுங்க. அப்புறம் அவகிட்ட, எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க."