கிடுங்கி யாருடையது

அந்த ஊரில் முதன்முதலாக வெளிச்சம் விட்ட வாய், லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த பெரியவளுடையது. அது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். பள்ளத்தில் இறங்கி லாரியின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், மேலே நின்ற மேஸ்திரி, "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டார். "கிடுங்கி" என்றாள். சொன்னதும் பல்லிடுக்கிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் புறப்பட்டு, அச்சு, போல்ட்டு, பல வருஷத்து கிரீஸ் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அவள் வாயை மூடியதும் அணைந்தது. மேஸ்திரி குனிந்து எட்டிப் பார்த்து, "இன்னொரு தரம் சொல்லு, அந்த ஓரத்து நட்டைப் பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. சாயங்காலத்துக்குள் லாரி கிளம்ப வேண்டாமா?

பட்டறையில் கிடுங்கி என்றால், கழன்றிருக்கிறது, ஆடுகிறது, ஆனால் ஊர் போய்ச் சேரும், இப்போதைக்குக் கை வைக்காதே என்று அர்த்தம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. வாரம் திரும்புவதற்குள் மேஸ்திரிக்கும் வெளிச்சம் வந்தது, டிங்கருக்கும் பெயின்டருக்கும் வந்தது. டார்ச் விளக்கு ஒரு பக்கத்தைக் காட்டினால் மறுபக்கத்து நிழலைப் பெரிதாக்கும். வாய் வெளிச்சத்துக்கு நிழலே கிடையாது, சந்து பொந்தெல்லாம் தண்ணீர் போலப் புகுந்துவிடும். மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் மீட்டரோடு வந்தார். பெரியவளை "ஆ" காட்டச் சொல்லி, பல் டாக்டர் மாதிரி உள்ளே பார்த்து, "இது எங்க லைன் இல்லம்மா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. வார்த்தை அவளுடையது அல்லவா! லாரிக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பட்டறையே கொண்டாடும்போது கொஞ்சம் கர்வம் வந்தால்தான் என்ன, குற்றமா?

அவளுடையதுதானா என்பதில்தான் வில்லங்கம். பெரியவளுக்கு ஒரு தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டில் பெயர் சின்னவள். சின்ன வயதில் இருவரும் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். அதற்கு ஒரு கால் ஆட்டம். அம்மா மில்லில் வேலைக்குப் போன மதியங்களில் இரண்டும் அதன்மேல் ஏறிக் குதிக்கும். கட்டில் ஆடும், விழாது. அந்த ஆட்டத்துக்கு அவர்களாக வைத்த பெயர்தான் கிடுங்கி. முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பேரும் கையைத் தூக்குவார்கள். பெரியவள் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள், சின்னவள் வார்டுக்குக் கொண்டுபோனாள். வார்டில், ஆள் தளர்ந்துதான் இருக்கிறார், ஆனால் பிழைத்துக்கொள்வார், பயப்படாதே என்று அர்த்தம். சீக்கிரமே அங்கேயும் நர்ஸுகளின் வாய் வெளிச்சம் விட ஆரம்பித்தது, லேசான பச்சையில்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பேச்சு உண்டு. முடி திருத்தும் கடையில், தலையில் முடியில்லாமல் அரட்டைக்கு மட்டும் வருகிறவருக்கு விருந்தாளி என்று பெயர். சினிமா தியேட்டரில், காசு கொடுத்து உள்ளே வந்து குறட்டை விடுகிறவர் தலையணை. மூட்டை தூக்குகிறவர்கள், வேலையே செய்யாமல் யோசனை மட்டும் சொல்கிறவனைத் தராசு என்பார்கள். பக்கத்துக் கடைக்காரனுக்கு ஒன்றும் புரியாது, புரியவும் கூடாது. அதனால் எந்தத் தொழிலிடத்திலும் வாசலில் ஒரு குழாய் இருக்கும். வேலை முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், உள்ளே பேசினது உள்ளேயே இருக்க வேண்டும். அக்காவும் தங்கையும் ஒழுங்காகக் கொப்பளிக்கிறவர்கள்தான். ஆகவே ஒரே வீட்டில் ஒரே குழம்பைப் பிசைந்து சாப்பிட்டும், ஒருத்தி வாயில் எரிவது மற்றவளுக்கு மாதக்கணக்கில் தெரியாமலே இருந்தது.

கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு லாரி டிரைவர்தான் நர்ஸுகள் வாயிலும் அதே வார்த்தை எரிகிறது என்று பட்டறையில் வந்து போட்டு உடைத்தார். பெரியவள் கையிலிருந்த ஸ்பேனரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பார்வையாளர் நேரம், வராண்டா நிறைய ஜனம். "அது என் வார்த்தைடி!" என்று அவள் கத்த, "கட்டில்ல நீ மட்டுமா படுத்திருந்தே? நானும்தானே படுத்திருந்தேன்!" என்று இவள் கத்த, கத்தின கத்தலில் ஒரு பக்கம் ஆரஞ்சும் ஒரு பக்கம் பச்சையும் அடித்து, நோயாளிகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு வெளிச்சம்தான், நீ எடுத்தால் எனக்கு அணைந்துபோகும் என்றாள் பெரியவள். அப்படியானால் முதலில் திருடினவள் நீதான் என்றாள் சின்னவள். திருடி என்ற சொல் பெரியவளின் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்கே சின்னவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நர்ஸுகள் விடுதிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் ஒருத்தி செருப்பைப் பார்ப்பாள், ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள்.

பட்டறை தன் வார்த்தையைப் பூட்டி வைக்கத் தீர்மானித்தது. வாசல் குழாய்க்குப் பக்கத்தில் உப்புச் சட்டி வந்தது. ஆளுக்கு இரண்டு தரம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தார்கள், பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். வெளியாள் நின்றால் கிடுங்கி என்று சொல்லக் கூடாது, கண்ணால் காட்டினால் போதும். அப்புறம் தங்களுக்குள்ளேயே கிசுகிசுத்துச் சொன்னார்கள். அப்புறம் அதுவும் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள். வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வாயையே கட்டிக்கொண்ட புத்திசாலிகள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். வெளிச்சம் மங்கி, பழுத்த இலை நிறமாகி, ஒருநாள் நின்றேபோயிற்று. பள்ளத்தில் மறுபடி பல்பு கட்டினார்கள்.

ஊரில் அது பாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்தது. ஊர் வாயை எந்த உப்பால் கழுவ முடியும்? முடி திருத்தும் கடையில் கிடுங்கி என்றால், வெட்டு கொஞ்சம் கோணல்தான், ஆனால் முகத்துக்குப் பொருந்துகிறது. அங்கே வெளிச்சம் ரோஜா நிறம். கல்லூரி விடுதிப் பெண்களிடம், இரண்டு பேருக்கும் மனசில் இருக்கிறது, இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை; அது ஊதா. தியேட்டரில், அரங்கு நிறைந்துவிட்டது, ஆனால் உனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறேன், அது சிவப்பு. எந்தக் கூட்டத்திலும் சேராமல் ஆசைக்குச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் எரியவில்லை. ஒரு பெரிய மனிதர் மேடையில் மைக்கைப் பிடித்துக் கிடுங்கி என்று முழங்கினார். அவருக்கு விக்கல் வந்தது, சாயங்காலம்வரை நிற்கவில்லை. ஒரு துணிக்கடை அதைப் பலகையில் பெரிதாக எழுதி மாட்டிய அன்று, அந்தக் கடையின் டியூப் லைட்டெல்லாம் ஒன்றுவிடாமல் புகைந்தது.

பெரியவள் இதையெல்லாம் கேட்டுப் பல்லைக் கடித்தாள். கோபம் என்றுதான் சொல்லிக்கொண்டாள். கோபமாவது மண்ணாவது! கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் கிடுங்கி, கிடுங்கி என்று சொல்லிப் பார்ப்பாள், வாய் இருட்டாகவே இருக்கும். வெளிச்சம் போனதைவிட, அந்த வார்த்தையைச் சொன்னால் உடனே சிரிக்கிற ஒரே ஆள் வீட்டில் இல்லை என்பதுதான் அவளை அரித்தது. தங்கை வேண்டும் அவளுக்கு. போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. பட்டப்பகலிலேயே ஊர் கறுத்துவிட்டது, கரண்டும் போய்விட்டது. சைரன் போட்டுக்கொண்டு வந்த ஓர் ஆம்புலன்ஸ், பட்டறை வாசலில் 'டங்' என்று ஒரு சத்தம் கொடுத்து நின்றது. உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் தியேட்டர் டிக்கெட்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, இருந்த இன்னொரு வண்டி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து குதித்தவள் சின்னவள். வெள்ளை உடுப்பு நனைந்து ஒட்டிக்கொள்ள, அவள் வானத்தைப் பார்க்கவில்லை, நேராக அக்காவைப் பார்த்தாள். "சீக்கிரம்" என்றாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசின முதல் சொல் அது!

பெரியவள் சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். பின் அச்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஏதோ ஒன்றில் விரிசல். எது என்று தெரியாமல் தப்பான ஒன்றைக் கழற்றினால் அச்சே நகர்ந்துவிடும். உள்ளே ஆக்ஸிஜன் ஓடுகிறது, நெருப்பைக் கிட்டே கொண்டுபோக முடியாது. மேஸ்திரி டார்ச்சைப் பிடித்தார். விரிசல் மயிரிழை அகலம், நிழலோடு நிழலாக ஒளிந்துகொண்டது. "கிடுங்கி" என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உப்புக் கரித்தது. மேலே டிக்கெட்காரர் முனகுவது கேட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் சேறு 'சளக்' என்றது. சின்னவள் உடுப்போடு உள்ளே ஊர்ந்து வந்து, தோளோடு தோள் ஒட்டி மல்லாந்தாள். ஒரே கட்டிலில் கிடந்த மாதிரியே கிடந்தார்கள். பெரியவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "மேலே இருக்கிறவர் எப்படிடி?" என்றாள்.

"கிடுங்கி" என்றாள் சின்னவள். பச்சை வெளிச்சம் அச்சின்மேல் விழுந்தது. போல்ட்டுகள் தெரிந்தன, விரிசல் இன்னும் தெரியவில்லை. "வண்டி எப்படிக்கா?"

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவளின் தொண்டையில் என்னமோ இளகிற்று. "கிடுங்கி" என்றாள், பட்டறை அர்த்தத்தில், வாய் நிறைய. அடேயப்பா! ஆரஞ்சு அப்படிப் பீறிட்டது, மேஸ்திரி மேலே துள்ளி விலகினார். பச்சையும் ஆரஞ்சும் கலந்த இடத்தில் மூன்றாவது போல்ட்டின் விரிசல், வெள்ளை நூல் ஒட்டினாற்போல் பளிச்சென்று தெரிந்தது. பெரியவள் கை நீட்டினாள். கேட்காமலே சரியான ஸ்பேனரை எடுத்து வைத்தாள் சின்னவள். ஒரு கிளாம்பைத் துணைக்குப் போட்டு இறுக்குகிறவரைக்கும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி வண்டியைச் சொன்னாள், ஒருத்தி மனிதரைச் சொன்னாள். அப்போது மேலேயிருந்து டிக்கெட்காரர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "ஏம்மா, மேலோகத்துல ஹவுஸ்ஃபுல்லாமே, எனக்குக் கீழேயே கிடுங்கி உண்டா?" என்று கத்தினார். ஆம்புலன்ஸ் கண்ணாடியெல்லாம் சிவந்தது. "உண்டு, உண்டு, மூடியை வைங்க!" என்று சின்னவள் கீழிருந்தே அதட்டினாள்.

பெரியவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள், தரையில் காதை வைத்து போல்ட்டைக் கேட்டுக்கொண்டே வந்தாள். டிரைவர் திருப்பத்துக்குத் திருப்பம் கேட்பார், அவள் பதில் சொல்வாள். தெருவோ இருட்டு. விஷயம் வண்டிக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தது. முடி திருத்தும் கடைக்காரர்கள் சீப்போடு வாசலில் நின்று சொன்னார்கள், தெரு ரோஜா நிறமாயிற்று. விடுதி ஜன்னல்களிலிருந்து பெண்கள் கூவினார்கள், ஊதா கொட்டிற்று. மூட்டைக்காரர்களும் சொன்னார்கள், அவர்களுக்கு அதில் என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, மஞ்சள் மட்டும் நன்றாக எரிந்தது. நிழலே இல்லாத அந்தத் தெருக்களில் ஒரு பள்ளம்கூட ஒளிய முடியவில்லை. வண்டி தூக்கிப் போடாமல் போய்ச் சேர்ந்தது. டிக்கெட்காரர் பிழைத்தார். அடுத்த மாதமே கவுன்டரில் உட்கார்ந்து தலையணைகளுக்கு டிக்கெட் கிழித்தார்.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு பேரும் சேறு சொட்டச் சொட்ட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவள் தன் துப்பட்டா முனையால் தங்கை காதிலிருந்த சேற்றைத் துடைத்தாள். "திருடின்னியே" என்றாள். "நீதானே முதல்ல சண்டைக்கு வந்தே" என்றாள் அவள். சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நாம ரெண்டு பேரும் எப்படி இருக்கோம்?"

பெரியவள் பதில் சொன்னாள். வராண்டா முழுக்க வெளிச்சம். அது ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை. ஊரில் அதற்கு முன்னால் யாரும் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை. சின்னவள் சிரித்தாள், அப்புறம் ஓவென்று அழுதாள்.

பட்டறை வாசல் குழாயில் இப்போது சைக்கிள் கழுவுகிறார்கள். சின்னவள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள், யார் முதலில் சொன்னது என்று விடுமுறை நாள் தவறாமல் சண்டை நடக்கிறது. ஊரில் சின்னப் பிள்ளைகள் ஆடுகிற பால்பல்லைக் கிடுங்கி என்கிறார்கள். பல் விழுகிறவரைக்கும் நாக்கால் ஆட்டி ஆட்டி அதையே சொல்லிக்கொண்டிருப்பதால், பாய் விரித்ததும் அம்மாக்கள், "வாயை மூடிட்டுத் தூங்கு கண்ணு, பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக் கூசுது" என்கிறார்கள்.