கறுப்பு என்றால் புதுசு

கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை, வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது. நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு எது சரி என்று முடிவு பண்ணிக் கொடுப்பான். வீட்டுக்கு வந்தால் தனக்கு எது சரி என்று முடிவு பண்ணத் தெரியாது. வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போவான். கட்டிலைத் திசை மாற்றிப் போட்டுவிட்டு, தூக்கம் வரவில்லை என்று எழுந்து பழையபடி இழுத்துப் போடுவான். அக்காதான் அவனுக்கு மாத்தி என்று பெயர் வைத்தாள். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது நன்றாக ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்டவன் போய்ப் பெரிய ஃபிலிம் கேமராவில் விழுந்தானே, அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. சின்னக் கேமராவில் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. இதில் முன்பலகை தனி, பின்பலகை தனி, நடுவில் துருத்தி. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி. தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தொங்குவார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பட்ட தினுசு.

மடக்குகிற மரக் கேமரா வாங்கினான். காற்றுக்கு ஆடுகிறது என்று விற்றான். இரும்புக் கேமரா வாங்கினான். தூக்கினால் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது என்று விற்றான். மறுபடி மரம். லென்ஸ் கணக்கைச் சொல்லி மாளாது. "மச்சான், நீ எடுத்த படத்தைவிட வித்த சாமான்தான் ஜாஸ்தி" என்பார் அக்காவின் கணவர். அவருக்கு எதற்கும் ஒரு பழமொழி வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

அக்கா பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். பயந்து நடுங்கி வருகிறவர்களைச் சிரித்தே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அந்த அக்காவுக்குத்தான் காதுக்குக் கீழே கன்னத்தில் ஒரு கட்டி வந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்கு நடுவே போகிறது, எடுத்தால் அந்தப் பக்கம் அசையாமலே போனாலும் போகும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"டேய் மாத்தி, என் சிரிப்பை ஒரு படம் எடுத்துக் குடுடா. உன் பெட்டியில. பெரிசா."

"போன்ல நிறைய இருக்குமேக்கா?"

"இருக்கு. எல்லாத்துலயும் அவரு, எம் பொண்ணு, எவன் வீட்டுக் கல்யாணமோ. எடுத்தவ நானு. நான் எங்கே அதுல இருப்பேன்?" என்றாள். "வெளியூர்ல வேலைக்குப் போயிருக்காளே, அவ நாளைக்குக் கேட்டா இதுதான்டி அம்மா சிரிப்புன்னு காட்ட எனக்கு ஒண்ணு வேணும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எடு."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிய கையோடு, முகத்துக்கு எந்த லென்ஸ் சரியாக இருக்கும் என்று யோசிக்கப் போய்விட்டான். கையில் இருந்த லென்ஸ் கொஞ்சம் கடுமை, தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலையும் காட்டிக்கொடுக்கும். பழைய காலத்து மென்மையான லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தான். வந்த பிறகு ரொம்ப மென்மை என்று பட்டது. அக்கா ஒரு ஞாயிறு கேட்டாள், அடுத்த ஞாயிறு என்றான். ஃபிலிம் டப்பா வந்தது, அதையும் வேறு தினுசுக்கு மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினான். மாற்று டப்பா வரவேயில்லை. கடைசியில் மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்ற நிலையில், அந்த ஞாயிறுதான் மிச்சம்.

மூட்டை கட்டும்போது பார்த்தால் அலமாரியில் ஒரே ஒரு ஹோல்டர்தான் ஃபிலிமோடு இருந்தது. ஹோல்டர் என்பது பலகை மாதிரி. பக்கத்துக்கு ஒரு ஃபிலிம் தாள், மேலே இழுத்து எடுக்கிற மூடித் தகடு. தகட்டின் தலைப்பில் ஒரு புறம் வெள்ளை, மறுபுறம் கறுப்பு. உலகத்தில் இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும் வெள்ளை தெரிந்தால் புதுத் தாள், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடிந்த தாள். மாத்தி சும்மா இருப்பானா? ஒன்றுமே ஏறாத தாள் இருட்டுதானே, வெளிச்சம் பட்ட பிறகுதானே வெள்ளை, ஆகவே கறுப்பு என்றால் புதுசு என்று சில மாதம் முன்னால் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். அந்தச் சட்டப்படி இந்த ஹோல்டரில் ஒரு பக்கம் வெள்ளை, தீர்ந்துபோனது. மறுபக்கம் கறுப்பு, புதுசு. ஒரு தாள் போதும் என்று தூக்கிக்கொண்டு ஓடினான்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தாள். கன்னத்தில் கை. அத்தான் மூலையில் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிக்கா" என்று சொல்லிவிட்டுத் துணிக்குள் புகுந்தான்.

கண்ணாடியில் அக்கா தலைகீழாகத் தெரிந்தாள். தலைகீழான சிரிப்பு அழுகை மாதிரிதான் இருக்கும், அது பழகிப்போன விஷயம். ஆனால் ஒரு பக்கம் இழுத்தாற்போல இருந்தது. முன்பலகை நேராக இல்லை என்று நினைத்தான். திருகைத் தளர்த்தி, பலகையை ஒரு மயிரிழை திருப்பினான். இழுப்பு போகவில்லை. பின்பலகையைத் திருப்பினான். இப்போது ஜன்னல் கோணியது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான், எல்லாம் நேர்தான். லென்ஸ் விளிம்பில் இழுக்கிறதோ என்று அதைக் கழற்றி, கடுமையான லென்ஸை மாட்டினான். அதிலும் அதே இழுப்பு.

"கேமரா கோணலா இருக்கு" என்று துணிக்குள்ளிருந்தே முனகினான்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. வழக்கமாக இதற்கு அவள் சிரித்திருக்க வேண்டும். "டேய், வாய் வலிக்குதுடா. எவ்ளோ நேரம்தான் பிடிச்சு வச்சிருக்கறது?"

ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. இனி ஆனது ஆகட்டும் என்று லென்ஸை மூடி, ஹோல்டரைச் செருகி, தகட்டை இழுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒரு நொடி திறந்து மூடினான். தகட்டைத் திருப்பி வெள்ளை தெரியச் செருகினான். சாமானை வாரிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

வீட்டில் குளியலறைதான் இருட்டறை. கதவிடுக்கில் துண்டைத் திணித்து, விளக்கை அணைத்து, அந்தத் தாளை மட்டும் உருவி மருந்துத் தட்டில் போட்டான். தட்டை ஆட்டிக்கொண்டு நின்ற நேரமெல்லாம், மென்மையான லென்ஸையே வைத்திருக்கலாமோ, மேசை விளக்கு ஒன்று சேர்த்திருக்கலாமோ என்று மனசு குரங்காய்த் தாவியது. எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டு, ஈரத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான்.

தாளில் இரண்டு அக்கா இருந்தார்கள்.

ஒன்றின் மேல் ஒன்று. நாலு கண், இரண்டு வாய். குறுக்கே ஒரு ஸ்கேல். அதன் கோடுகள் எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். அந்த ஸ்கேலைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

கோடைக்கு முன்னால் ஒரு நாள் அக்கா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அன்று புதிதாக வந்திருந்த லென்ஸ் எங்கே கூர்மை, எங்கே மழுக்கல் என்று சோதிக்க, அவளைப் பால்கனியில் உட்கார வைத்துத் தாடைக்குக் கீழே ஸ்கேலைப் பிடிக்கச் சொன்னான். அவள், அவனுடைய கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகை படிக்கிற மாதிரி ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... ஐயோ டாக்டர், மூணு தெரியலையே" என்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "சிரிக்காதேக்கா, ஸ்கேல் ஆடுது!" என்று அதட்டினான். சிரிப்பு அடங்கப் போகிற ஒரு கணத்தில், அவள் கையை எடுத்துவிட்டு ஸ்கேலை நேராகப் பிடித்தபோது, எடுத்தான். தகட்டைத் திருப்பிக் கறுப்பு தெரிய வைத்தான். அப்போது ஊருக்கெல்லாம் உள்ள பழைய சட்டம், கறுப்பு என்றால் எடுத்து முடிந்தது. அந்த வாரமே லென்ஸை விற்றுவிட்டான். லென்ஸே போன பிறகு அதன் சோதனைப் படம் எதற்கு என்று தாளைக் கழுவவேயில்லை. அதற்கப்புறம்தான் சட்டத்தை மாற்றினான்.

அக்கா கேட்ட சிரிப்பு அத்தனை மாதமும் அவன் அலமாரியில் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது வெண்ணெயைக் கொட்டவில்லை. இவன் அதன் மேலேயே இன்னொன்றை ஏற்றி, இரண்டையும் பிரிக்க முடியாமல் பண்ணிவிட்டான்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தான். நெகட்டிவில் பல் கறுப்பாகத்தான் இருக்கும். ஸ்கேலுக்கு மேலே இருந்த வாயில் இரண்டு ஓரமும் ஒன்றுபோல ஏறியிருந்தன. மற்ற வாயில் ஒரு ஓரம் மட்டும் ஏறியிருந்தது. கட்டி இருக்கிற பக்கம் தொங்கியிருந்தது. கேமரா நேராகத்தான் நின்றிருக்கிறது. கோணல் அக்கா முகத்தில் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கிறது. கன்னத்தில் கை ஏன் என்று இப்போது புரிந்தது. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

பிறகு ஒன்று உறைத்தது. கறுப்புப் பக்கம் எடுத்து முடிந்தது என்றால், வெள்ளைப் பக்கம் புதுசு. கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினான்.

கதவைத் திறந்த அக்கா, "என்னடா, அதுக்குள்ளயா?" என்றாள்.

"படம் கெட்டுப்போச்சுக்கா." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், ஸ்கேல், சட்டம், கறுப்பு, வெள்ளை, ஒன்று விடாமல். அத்தான் பழமொழி எதுவும் சொல்லாமல் நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கை.

"அந்தப் பால்கனி படமா? அதுல நான் எப்படிடா இருந்தேன்?"

"நல்லா இருந்தேக்கா."

"எடுத்தப்போ பாத்தியா?"

"இல்லக்கா. ஸ்கேலைத்தான் பாத்தேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, அவன் பக்கத்தில் போகப் பயந்து நின்றான்.

"எப்பலேருந்துக்கா முகம் இப்படி?" என்று கேட்டான்.

"மாசம் ஆச்சு. அன்னைக்கு உன்கிட்ட கேக்க வந்தப்போ அவ்வளவா இல்லை. நீ லென்ஸ் மாத்தி முடிப்பே, முடிப்பேன்னு பாத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு தாள் இருக்குன்னியே. எடுக்கறியா, இல்ல அதையும் மாத்தணுமா?"

கேமராவை நிறுத்தினான்.

"இந்தத் தடவை எந்த லென்ஸ்?"

"மாட்டியிருக்கறது."

"நான் வேணா அந்தப் பக்கமாத் திரும்பி உக்காரட்டா? கோணல் தெரியாது."

"வேணாம். நேரா பாரு. கையை எடுத்துடு."

துணிக்குள் புகுந்தான். கண்ணாடியில் அக்கா தலைகீழாக, ஒரு பக்கமாகச் சிரித்தாள். பழக்கத்தில் அவன் விரல் முன்பலகைத் திருகுக்குப் போனது. எடுத்துக்கொண்டான். அவள் கண் கூர்மையாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தான். ஹோல்டரைச் செருகிவிட்டால் பிறகு கேமராவுக்குள் எதுவும் தெரியாது, எடுக்கிறவன் பக்கத்தில் நின்று ஆளைத்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை எடுத்தபோது கடிகாரத்தைப் பார்த்தான். இப்போது அக்காவைப் பார்த்தான். தகட்டை இழுத்தான். அவளும் அவனையே பார்த்தாள். திறந்தான், மூடினான்.

தகட்டைத் திரும்பச் செருகப் போனவன் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"என்னடா?"

"எந்தப் பக்கம் வெளியே தெரியணும்னு..."

அத்தான் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, துழாவி, பிளாஸ்டர் சுருளை எடுத்து நீட்டினார். மாத்தி ஏதோ ஒரு பக்கமாகத் தகட்டைச் செருகி, பிளாஸ்டரைக் கிழித்து மேலே ஒட்டி, பேனாவால் அக்கா என்று எழுதினான்.