பச்சை மூடி ஜாடியில் எத்தனை சதவீதம்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கற்பனை வளம் என்று பாராட்டி என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். நான் எழுதிக்கொண்டிருக்கும் தாளின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

என் கணவர் ஒரு சோதனைக்கூடத்தில் வேதியியலாளர். ஒருபக்கம் அச்சாகி வீணாய்ப்போன தாள்களை அங்கிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். மறுபக்கத்தில் நான் கதை எழுதுவேன். (சோதனைக்கூட விதிப்படி இது தப்பு. படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.) போன செவ்வாய்க்கிழமை வேறொரு கதைக்காக ஒரு தாளைத் திருப்பினேன். பின்னால் இப்படி இருந்தது: 'மாதிரி: முகப்பூச்சு, பச்சை மூடி, வீட்டிலிருந்து. ரெட்டினால்: கண்டறியப்படவில்லை.'

அந்தப் பச்சை மூடி ஜாடி என்னுடையது. முகச் சுருக்கத்தைப் போக்கும் மருந்தான ரெட்டினால் இருக்கிறது என்று நம்பி வாங்கியது. அந்த வேறொரு கதை அதோடு போயிற்று.

2

முதல் தொடக்கம்: 'அந்த மனுஷனுக்கு மனைவியின் முகத்தைவிட அதன் மேல் பூசுவதில்தான் அக்கறை...'

அடித்துவிட்டேன். கோபத்தில் எழுதியது.

இரண்டாவது: 'ஐம்பத்தொரு வயதில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று' – வேண்டாம். கண்ணாடி முன்னால் பெண் நிற்கிற கதைகள் ஏற்கெனவே ஊர்ப்பட்டவை கிடக்கின்றன.

மூன்றாவது: அவர் பக்கமிருந்து சொல்வது. சோதனைக்கூடத்தில் நான் இல்லைதான். ஆனாலும் இருபத்தாறு வருஷம் இவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன், அந்த உரிமை போதும்.

3

வேலையிடத்தில் அவருக்குத் 'தசமம்' என்று பட்டப்பெயர். 4.96 வந்தால் 4.96 என்றுதான் எழுதுவார். ஐந்து என்று போடச் சொல்லி மேலதிகாரி தலைகீழாக நின்றாலும் மசியமாட்டார்.

மனைவி ஜாடி வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்த காலையில், தசமம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

"ஏங்க, ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது."

"எங்க?"

"இங்க... கண்ணுக்குக் கீழ."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். டப்பாவை எடுத்துப் படித்தார். முன்பக்கம் 'ரெட்டினால் நிறைந்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எத்தனை சதவீதம் என்று எங்கேயும் இல்லை. பின்பக்கப் பட்டியலில் ரெட்டினால் வாசனைப் பொருளுக்கும் கீழே, கடைசி ஆளாய் நின்றுகொண்டிருந்தது.*

(* பொதுவாக அதிகமாய் உள்ளது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைந்தவற்றை இஷ்டம்போல் அடுக்கிக்கொள்ளலாமாம். நான் கேட்காமலே, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்.)

மருந்துக்கடைக்குப் போனார்.

"இதுல எத்தனை சதவீதம்மா?"

"இருபது சதவீதம் சார். இந்த வாரம் மட்டும்."

"தள்ளுபடியக் கேக்கலம்மா. ரெட்டினால்."

"அதெல்லாம் நிறைய இருக்கும் சார். பேரே போட்டிருக்காங்களே!"

4

மறுநாள் ஒரு குட்டிப் புட்டியில் கொஞ்சம் பூச்சை எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் இயந்திரத்தில் ஏற்றினார். ரெட்டினால் இருந்தால் இயந்திரம் வரையும் கோடு ஓர் இடத்தில் மேடாக எழ வேண்டும். அந்த இடம் தட்டையாகக் கிடந்தது.

(தாளில் தேதி இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அதைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்தடுத்த ஜாடிகளை வாங்கி வந்ததே அவர்தான். மாதம் தவறாமல் நான் கேட்டேன். மாதம் தவறாமல் "தெரியுது" என்றார். முகத்துக்கு நேரே ஒரு மனுஷன் இப்படி... இந்த வாக்கியத்தை முடித்தால் கதை நின்று சண்டை தொடங்கிவிடும்.)

5

இவர்மேல் எனக்குச் சந்தேகம். பொய்யரா? இல்லை, என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டிக்கொண்டிருந்தவரா? பொய்யர் என்றால் தேவலை. பொய் சொல்வதற்காவது ஒரு தடவை பார்த்திருப்பார். பார்க்கவே இல்லை என்றால் என்னால் தாங்க முடியாது. இந்தக் கதையில் எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

முடிவு அ: அவர் ஒப்புக்கொள்கிறார், ஜாடி குப்பைக்குப் போகிறது. (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: அவள் ஜாடியில் தயிரை ஊற்றிவைத்து, அதற்கும் "தெரியுது" என்கிறாரா என்று பார்க்கிறாள். (செய்து பார்க்கலாம் போலிருக்கிறது. கதைக்கு ஆகாது.)

முடிவு இ: பூச்சில் ஒன்றுமில்லை, ஆனாலும் அன்பினால் அவள் முகம் உண்மையிலேயே மலர்ந்திருந்தது. (கண்றாவி.)

6

முடிவு கிடைக்காத எரிச்சலில் தாள்கட்டைக் கலைத்துப் போட்டேன். இன்னும் இரண்டு தாள்கள் அகப்பட்டன.

'புதிய ஜாடி. வெளிச்சம் படாதது. கண்டறியப்படவில்லை.' 'அதே ஜாடி. இயந்திரம் சரிபார்த்த பின். கண்டறியப்படவில்லை.'

ஜன்னலோரம் இருந்த ஜாடியை அவர் அலமாரிக்குள் தள்ளியது ஞாபகம் வந்தது. "வெளிச்சம் பட்டா மருந்து வீணாப் போயிடும்மா" என்றார். நான் நச்சரிப்பு என்று நினைத்தேன்.

இயந்திரம் ஒரு தடவை சொன்னால் நம்புகிறவர் தசமம். மறுபடி ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்கிற சக ஊழியர்களை, "உனக்குப் பிடிக்கலன்னா நம்பர் மாறிடுமா?" என்று திட்டுகிறவர். அவரே மூன்று தடவை ஏற்றியிருக்கிறார். ஏதாவது ஓர் எண் வந்துவிடாதா என்று அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் முழுசாய்ப் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

7

இதுவரை எழுதியதை அவரிடமே கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். ஒரே ஓர் இடத்தில் வட்டம் போட்டார்.

"மூணு தடவை இல்ல. அஞ்சு."

"மிச்சம் ரெண்டு எங்க?"

"அச்சு எடுக்கல. எடுக்கப் பிடிக்கல."

"சரி. மாசாமாசம் தெரியுதுன்னீங்களே, எதப் பாத்துட்டுச் சொன்னீங்க?"

பதில் வந்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்திருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நெற்றி, கண்ணோரம், வாயோரம் என்று ஒன்றையும் விடவில்லை. அவசரமே இல்லை.

என்ன சொல்லப்போகிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் இப்போது எழுத முடியாது. அசையாமல் இருக்கச் சொல்கிறார்.