பூஜ்யம் போட்ட கம்பவுண்டர்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிலுவைராஜ் கம்பவுண்டராக இருந்தார். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி. அதனால் லயத்து வரிசைவீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் அவரையே டாக்டரய்யா என்றார்கள். அவரும் மறுத்ததில்லை.

ஒருநாள் சர்க்கார் கடிதாசி வந்தது. தீராத நோயோ ஊனமோ உள்ள பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனை பேர்?

"நம்ம தோட்டத்தில் அப்படி எந்தப் பிள்ளையும் இருக்காது," என்றார் தோட்டத்து மேனேஜர் துரை. சிலுவைராஜுக்கு அது போதும். இருந்தாலும் முறைக்குப் பிள்ளைக் கொட்டகை வரை போனார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் மாரித்தாய்தான் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

"நாப்பதுல பதினொண்ணு அப்படித்தான்யா," என்றாள். "சோலைக்கு வலிப்பு வருது."

"அது பயந்த கோளாறு."

"சின்னத்தாய்க்குக் காது கேக்காது."

"சொன்ன பேச்சு எந்தப் பிள்ளைதான் கேக்குது?"

"பழனிச்சாமிக்குப் பிறவியிலேயே கால் வளைஞ்சிருக்கு."

"இந்த மலையில நேரா நடக்கிறவன் யாரு?"

மாரித்தாய் சற்றுத் தயங்கினாள். "உங்க மக இன்பமேரியும் மூச்சுமுட்டி உக்காந்தே தூங்குதாமே."

"பனிக்கு வர்ற சளி," என்றவர், பூஜ்யம் போட்டு, நீளமாக வால் இழுத்துக் கையெழுத்திட்டார்.

துரைக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது. அடுத்த மாதம் ஓர் உத்தரவும் வந்தது. நோயாளிப் பிள்ளையே இல்லாத தோட்டத்துக்குத் தனியாகக் கம்பவுண்டர் எதற்கு? பக்கத்துத் தோட்டத்து ஆள் வாரம் ஒருமுறை வந்தால் போதும்.

சிலுவைராஜ் பங்களாவுக்கு ஓடினார். "துரை, பதினொரு பிள்ளைங்க இருக்குங்க. என் மகளோட பன்னிரண்டு."

துரை நகலில் இருந்த அந்தக் கையெழுத்தைக் காட்டினார். "அப்போ இது பொய்யா?"

பொய் என்றால் வேறு தோட்டத்தில் சேர நன்னடத்தைச் சான்று கிடைக்காது. மெய் என்றால் வேலை கிடையாது. சிலுவைராஜ் சான்றை வாங்கிக்கொண்டார்.

மாட்டுவண்டியில் சாமான் ஏறும்போது மாரித்தாய் மருந்துப் பாட்டில்களோடு வந்து நின்றாள். எது யாருக்கு என்று கேட்டாள். அவர் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகச் சொன்னார். சோலைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, கையில் இரும்பைத் திணிக்காதே. சின்னத்தாயிடம் முகம் பார்த்துப் பேசு. பதினொருவரில் ஒருவரையும் விடவில்லை.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றாள் மாரித்தாய்.

அவர் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டில்களை மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும் நேரம்.