வெந்நீர் அடுப்பில் போன பைப்

1.
இந்தக் கதை எனக்குப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் கிடைத்தது. ஜன்னலோரம் ஒரு பெரியவர் வாயில் பைப் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்தார்.

"சார், அத அணைங்க."

"பத்தவே வெக்கலீங்களே."

"பாக்கறவங்களுக்குப் பத்த வெச்ச மாரித்தானுங்க இருக்குது?"

பெரியவர் பைப்பைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. கண்டக்டருக்குத் திருப்தியில்லை. பஸ் மொத்தமும் நியாயம் பேச ஆரம்பித்தபோது நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
முதல் தொடக்கம்: 'பாறையிலிருந்து எழும் புகையைப் போல அவருடைய நினைவுகளும்—'

அடித்துவிட்டேன். ஒகேனக்கல் என்றாலே கன்னடத்தில் புகையும் பாறை என்பார்கள். புகை பிடிக்கிறவர் கதையில் அதைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் நீங்கள் 'ஆகா' என்பீர்கள். அப்படிச் சுலபமாக வருகிற 'ஆகா' எனக்கு வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்: 'தீர்த்தனின் தாத்தா வெள்ளைக்காரத் துரையிடம்—'

இதுவும் போச்சு. பைப் என்றதும் ஒரு துரை எங்கிருந்தாவது வந்து நின்றுவிடுகிறான். அந்தப் பஸ் பெரியவருக்கு நான் வைத்த பெயர்தான் தீர்த்தன்; வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடத்தூருக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் மக்காச்சோளக் கொல்லை, மனைவி ராமக்கா, ஒரு ஆடு. (ஆடு கதைக்குத் தேவையா என்று இப்போதைக்குத் தெரியாது. இருக்கட்டும்.)

3.
தீர்த்தன் வாங்குவதெல்லாம் மலிவான ஃபாக்டரி பைப்புகள். மெஷின் கடைந்து, ஒரே அச்சில் பெட்டி பெட்டியாக வருகிறவை. மரத்தில் பொத்தல் இருந்தால் புட்டி என்கிற பசையை வைத்து அடைத்து, மேலே கருஞ்சிவப்புப் பாலிஷ் அடித்திருப்பார்கள். புட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஓர் ஆனந்தம். கண்டுபிடித்ததும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்பது ராமக்காதான்.

"ஒரு வாயிக்கு எத்தன பைப்புங்க?"

"பிடிச்ச பைப்பக் காயப் போடணும் ராமக்கா. ஈரம் வாங்கும். அதுக்குத்தான் இன்னொண்ணு."

"அது காயறதுக்கு?"

"இதப் பிடிச்சிட்டிருக்கறப்ப அது காயும்."

இந்தக் கணக்குக்கு முடிவில்லை என்று ராமக்காவுக்கு அன்றே புரிந்துவிட்டது.

எல்லாவற்றிலும் செல்லம், அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளப் பைப். கதிரில் மணியை உதிர்த்தால் மிஞ்சும் சக்கை இருக்கிறதே, அதைக் குடைந்து, மேலே சாந்து பூசி, பிளாஸ்டிக் குழல் செருகி விற்கிறார்கள். பார்சலைப் பிரித்த ராமக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத எதுக்குங்க சீமையிலேர்ந்து வரவெச்சீங்க? நம்ம கொல்லையில மலையாட்டம் கெடக்குதே?"

4.
அந்த ஊரில் மக்காச்சோளச் சக்கை என்றால் அடுப்பெரிக்கிற பொருள். வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் குனிந்து பார்க்காமலே அள்ளிச் செருகுவார்கள். வெயிலும் அனலும் சேர்ந்து படுகிற இடம் அதுதான் என்று, துடைத்த மக்காச்சோளப் பைப்பைத் தீர்த்தன் காயவைத்தது அந்தக் குவியலின் மேல்.

மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அன்றைக்கு வெந்நீர் நன்றாகக் கொதித்தது.

5.
என் முதல் வரைவில் ராமக்கா வேண்டுமென்றே எரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் ஒரு—

எழுத விடவில்லை. வரைவுக்குள்ளிருந்தே சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஏங்க எழுதறவரே, நான் வேணும்னு எரிக்கற ஆளா இருந்தா அந்த ஒண்ண மட்டும் எரிப்பனா? பைப்பெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற ஷெல்ப்போட சேத்தில்ல எரிச்சிருப்பன்?"

நியாயம்தான். அடுத்த வரைவில் தெரியாமல்தான் எரித்தார். ஆனால் இந்த நியாயம் எனக்குப் புரிந்து என்ன பயன், தீர்த்தனுக்குப் புரியவில்லையே. பைப் வாயில் இருக்கும்போது அவருக்குப் பேச்சு கிடையாது. இப்போது பைப் இல்லாமலே பேச்சை நிறுத்திக்கொண்டார். சொல்லவேண்டியதை ஆட்டிடம் சொன்னார். "ரசத்துல உப்பு இல்ல" என்று ஆட்டின் முகத்தைப் பார்த்து முறையிட்டார். (ஆட்டுக்கு வேலை கிடைத்துவிட்டது.)

இதுவரை நான் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஒரு காலை ராமக்கா பையில் புடவைகளை அடுக்கினார்.

"ஒரு சக்கை வெந்ததுக்குப் பொண்டாட்டிகூடப் பேசாதவரு, நான் வெந்தா மட்டும் அழுவீங்களா? ஓசூர்ல மக வூட்டுக்குப் போறன். இன்னைக்கு ஒரு வார்த்த எங்கிட்டப் பேசலீன்னா திரும்பி வர மாட்டன்."

ராமக்கா சொன்னால் செய்கிறவர். அப்படித்தான் படைத்துத் தொலைத்திருக்கிறேன். தீர்த்தன் ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது.

6.
கிளம்புமுன் ராமக்கா செய்தது என் திட்டத்திலேயே இல்லை. முந்தானையிலிருந்து ஒரு பைப்பை எடுத்துத் தீர்த்தனின் கையில் வைத்தார். கொல்லையில் பொறுக்கிய தடித்த சக்கை. திருப்புளியால் நடுவைத் தோண்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, மெல்லிய மூங்கில் குழல் செருகியிருந்தார்.

"கம்பெனிச் சரக்கு இல்லீங்க. நாந்தான் கொடஞ்சன்."

(அடிக்குறிப்பு: அந்தச் சக்கை நாலு இழுப்பில் பொத்துக்கொள்ளும் என்பது என் சந்தேகம். யாரும் செய்துபார்த்துவிட்டு என்னைத் திட்டவேண்டாம்.)

தீர்த்தன் பைப்பைப் பார்க்கவில்லை. அதை நீட்டிய கையைப் பார்த்தார். பெருவிரலில் கம்பி சுட்ட கொப்புளம், புதுசு. வெட்கமாக இருந்தது அவருக்கு. அழுகையும் வந்தது. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்வதாக இல்லை.

7.
முடிவு அ: அவர் பைப்பைப் பற்ற வைக்கிறார், மூங்கிலும் சேர்ந்து எரிகிறது, இருவரும் இருமி இருமிச் சிரிக்க— சினிமா. வேண்டாம்.

முடிவு ஆ: ராமக்கா போய்விடுகிறார். ஓசூருக்குத் தினமும் போன் வருகிறது. எடுத்தால் ஆடு கத்துகிற சத்தம் மட்டும்— இதற்கு எனக்கே மனசு வரவில்லை.

ஆகவே நிறுத்திய இடத்திலேயே நிறுத்துகிறேன். ராமக்கா வாசலில் நிற்கிறார். தீர்த்தன் வாயைத் திறக்கிறார். பைப்பை வைக்கவா, பேசவா? வாயில் வைத்துக்கொண்டால் ராமக்கா மகிழ்ந்துபோவார், செய்ததே அதற்குத்தானே என்று அந்த மனிதர் நினைக்கிறார். ராமக்காவோ ஒரு வார்த்தைக்கு நிற்கிறார். எத்தனையோ வார்த்தை எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் வார்த்தையாகவே வருகிறது, அவர் வாய்க்குப் பொருந்தவில்லை.

உங்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பீர்களே ஒன்று, அதை இவருக்குக் கொடுங்கள். முதலில் அங்கே சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாலும் சரி.

கொஞ்சம் சீக்கிரம். முக்கில் ஓசூர் பஸ் திரும்பிவிட்டது.