சமீரின் பெட்டியில் போன எண்ணெய்

ஏழு வருஷமாகப் புருஷன் யஹ்யாவின் மனச்சோர்வை ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்ததில் மாஜிதா அலுத்துப் போயிருந்தாள். கேட்டவர்களிடம் சர்க்கரை என்றாள், அல்சர் என்றாள், முதுகுவலி என்றாள். இனி பொய் சொல்ல அந்த மனுஷன் உடம்பில் உறுப்பு மீதியில்லை. லீவு முடிந்து யஹ்யா துபாய்க்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. அவனுடைய மாத்திரைச் சீட்டை வாங்க அன்று மத்தியானம் தென்காசியில் டாக்டர் உமா மகேஸ்வரியின் கிளினிக்குக்கு வந்திருந்தாள்.

சீட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"லீவுல வந்தப்போ பெங்களூர்லேர்ந்து கஞ்சா எண்ணெய் வரவழைச்சாங்க டாக்டர். அதைக் குடிச்ச பத்து நாளும் நல்லா சாப்பிட்டாங்க, சிரிச்சாங்க. மிச்சத்தை வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க. போன்ல குரலே செத்துக் கெடக்கு, அதான் இன்னைக்கு துபாய் போற பக்கத்து வீட்டு சமீர்கிட்ட குடுத்துவிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுல ரெண்டு சரக்கு இருக்கும்மா. டி.எச்.சி. தலைக்கு ஏறும், கூடுனா பயமும் காட்டும். சி.பி.டி. அதைக் கொஞ்சம் அமர்த்தும்னு சொல்றாங்க. ரெண்டும் சேந்தா சோர்வுக்கு நல்லதா கெட்டதான்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லலை. பத்து நாள் தூக்கிவிட்டது பதினோராம் நாள் கீழ தள்ளலாம். மாத்திரையோட சேந்தா வேற வம்பு. அதை விடுங்க, துபாய் ஏர்போர்ட்ல அது கெடைச்சா சமீரைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. உங்க வீட்டுக்காரர் அதை ஏன் விட்டுட்டுப் போனாருன்னு யோசிச்சீங்களா?"

மாஜிதா சட்டென்று எழுந்தாள். சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். சமீர் காலையிலேயே கிளம்பியிருந்தான், வழியில் ஐந்தருவியில் குளித்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தான்.

கிளினிக் வாசலில் நின்றே சமீருக்குப் போன் போட்டாள். எடுத்தது காரில் கூடப் போன அவன் உம்மா சைதூன் பீவி.

"மாமி, நான் குடுத்த பார்சலை எடுத்துருங்க. ஊறுகாய் கெட்டுப்போச்சு."

"உன் பார்சல் எங்கட்டி இருக்கு? எடை கூடுதுன்னு எல்லார் பார்சலையும் பிரிச்சு ஒண்ணா அடுக்கியாச்சு. ஊறுகாயை எடுத்துப் போடுதேன்."

"தலைக்கு எண்ணெய் ஒண்ணு குடுத்தேன்லா, அதும்..."

"எண்ணெய் ஆறு பாட்டில் கெடக்கு. எல்லாம் ஒரே பச்சைப் பாட்டில்."

லேபிளை யாராவது படித்துவிடுவார்களோ என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலில் மாற்றி ஊற்றியவள் இவள்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

"ஆறையும் எடுத்துருங்க மாமி."

இப்போது சமீர் பேசினான். "எப்படிக்கா? அஞ்சு வீட்டு அமானிதம். நம்பிக் குடுத்ததைக் காரணமில்லாம எடுக்கமுடியுமா? என்ன எண்ணெய் அது?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. காருக்குள் வழியனுப்பப் போகிற ஆறு பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் அவள் தெரு.

இன்னொரு பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை. தேடவும் தெம்பில்லை.

"அது கஞ்சா எண்ணெய் சமீரு. எங்க வீட்டு ஆளுக்கு மனசு சரியில்ல. ஏழு வருஷமா டிப்ரஷன். மாத்திரை சாப்பிடுதாங்க. பிடிச்சா உன்னை ஜெயில்ல போட்டுருவாங்க, எனக்குத் தெரியாமப் போச்சுடா."

சமீர் காரை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு சைதூன் பீவி, "ஏட்டி, சர்க்கரைன்னு சொல்லி என்னைப் பாகற்காய் சாறு புழியவச்சியே," என்றாள். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. ஆறு பாட்டிலையும் சமீர் எடுத்து உம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

ஊர் முந்திக்கொள்ளும் முன்னால் தானே சொல்லிவிட வேண்டுமென்று யஹ்யாவை அழைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெட்கமும் பயமுமாக அழுதாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான்.

"கார்ல இருந்த எல்லாருக்கும். அஸர் தொழுகைக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும் மச்சான்."

திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"அப்போ இனி மறைக்க ஒண்ணுமில்லல்லா. நான் ஊருக்கே வந்துரட்டுமா மாஜிதா?"